கை விட்ட குண்டும் விடாத கடமையும்



தெரியாமற் செய்த தீங்குக்கு மனிதன் பொறுப்பாளியா? நெடுங்காலமாக அறிஞர் ஆராய்ந்துவரும் கேள்வி இது. ஐக்கிய அமெரிக்க வேட்டைக்காரர் சிலரின் கைத்தொழில் ஒன்றை வைத்து இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

அவர்கள் தமது வேட்டைத் துவக்குக்கான குண்டுகளைத் தாமே வார்க்கிறார்கள். வாகனச் சில்லுகளின் சமநிலைக்காகப் பொருத்தியிருந்த பழைய ஈயத்துண்டுகளைச் சேர்த்து இரும்புச் சட்டியில் உருக்குவார்கள். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். கடினமாவதற்கு அந்திமனியும், அச்சில் நன்கு நிரம்புவதற்கு வெள்ளீயமும் சேர்ப்பார்கள். ஆறிய குண்டிலே சிறு சுருக்கம் தென்பட்டாலும் அது மீண்டும் சட்டிக்கே போகும். பின்பு வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, வெற்றுத் தோட்டாவில் இட்டு, குண்டைப் பொருத்துவார்கள்.

இத்தனை கவனமும் எதற்காக? குறி தவறாதிருக்க, விலங்கு துடியாமல் உடனே விழ. நல்ல நோக்கமே. ஆனால் காரியம் குறியோடு முடிவதில்லை. ஈயக்குண்டு இலக்கிற் பட்டதும் கண்ணுக்குப் புலப்படாத துகள்களாகச் சிதறக்கூடும். 2008ஆம் ஆண்டில் வட டகோட்டா மாநிலத்தில், வேட்டைக்காரர் ஏழைகளுக்கென நன்கொடையாகக் கொடுத்த அரைத்த மானிறைச்சியில் ஈயத்துகள்கள் காணப்பட்டன. அதனை எறிந்துவிடும்படி சுகாதாரத் திணைக்களம் அறிவித்தது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை. வேட்டைக்காரர் விட்டுச்சென்ற குடலை உண்ட கலிபோர்னியக் கொண்டோர்க் கழுகுகளும் இந்நஞ்சால் மாண்டன. 1982இல் அவற்றில் 22 மட்டுமே எஞ்சியிருந்தன. கலிபோர்னியா 2019 யூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக்குண்டைத் தடைசெய்தது.

அப்படியானால் இறைச்சியைத் தர்மம் செய்தவர் குற்றவாளியா? ஒழுக்கவியலார் அறியாமையை இருவகைப்படுத்துவர். முயன்றாலும் நீக்க இயலாதது ஒன்று. முயன்றால் நீங்கக்கூடியது மற்றொன்று. முன்னது குற்றத்தைப் போக்கும், பின்னது போக்காது. நல்லெண்ணத்தோடு, ஆபத்தை அறிய வழியின்றிக் கொடுத்தவரை யாரும் பழிக்க முடியாது. செய்தி காதில் விழுந்த பின்னும், “என் பாட்டனும் இதைத்தானே தின்றார், அவருக்கு என்ன வந்தது?” என்று தட்டிக்கழிப்பவரின் நிலை வேறு. அவருடைய அறியாமை அவரே விரும்பி வைத்திருப்பது.

செப்புக்குண்டு விலை கூடியது என்பார்கள். மெய்தான். கடினமாக வார்த்த, வேகம் குறைந்த குண்டு குறைவாகவே சிதறும் என்பார்கள். அதிலும் உண்மையுண்டு. ஆயினும் தமது குண்டு எப்படிச் சிதறுகிறது என்று சோதித்தறியும் கடமை வார்த்தவருடையதே. காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி நீக்கலாம், குடலைப் புதைக்கலாம், ஈயத்தூசு படிந்த உடையோடு பிள்ளையைத் தூக்காதிருக்கலாம். சிறு சுருக்கத்தையும் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு இவையும் தெரியவேண்டும்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முதுமொழி. நம் வீட்டில் துவக்கு இல்லாதிருக்கலாம். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து கிணற்றில் ஊறுகிறதா, அயலவரைப் பற்றிச் சொன்ன சொல் எவர் வாழ்வைக் கெடுத்தது என்று நாம் கேட்டுப் பார்த்ததுண்டா? கேட்கத் தொடங்குவதே பொறுப்பின் முதற்படி.