துவக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருடையது?

லினக்ஸ் கணினியை இயக்கியதும் அதன் மையக் கருவான கெர்னல் எழுப்பும் முதல் நிரல் துவக்க முறை. மற்ற சேவைகள் எல்லாம் அதன் பொறுப்பில்தான் இயங்குகின்றன. நெடுங்காலம் இந்த வேலையைச் சிஸ்வி இனிட், ஷெல் கட்டளைக் கோப்புகளைக் கொண்டு செய்துவந்தது. 2010இல் லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் உருவாக்கிய சிஸ்டம்டி, பல சேவைகளை ஒரே நேரத்தில் துவக்கியது. நின்றுபோன சேவையைத் தானே எழுப்பவும் செய்தது. கூடவே நிகழ்வுப் பதிவு, பயனர் நுழைவு போன்ற வேலைகளையும் தன்னிடம் எடுத்துக்கொண்டது. ஒரு நிரல் ஒரு வேலையைச் செவ்வனே செய்தால் போதும் என்ற யூனிக்ஸ் நெறியில் ஊறியவர்களுக்கு இது பொறுக்கவில்லை.

சண்டை டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் முற்றியது. 2014 பிப்ரவரியில் அதன் தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு எனப் பிளவுபட, தலைவர் பெடேல் கார்பியின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி வென்றது. எந்த மென்பொருளும் குறிப்பிட்ட ஒரு துவக்க முறையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று குழு உறுப்பினர் இயன் ஜாக்சன் முன்வைத்த தீர்மானம் நவம்பரில் தோற்றது. அவர் குழுவிலிருந்து விலகினார். சிலர் பிரிந்து, சிஸ்டம்டி இல்லாத டெவுவான் வழங்கலைத் தொடங்கினர்.

ஒருவருடைய தேர்வுச் சுதந்திரத்துக்காக இன்னொருவர் ஊதியமின்றி உழைக்கக் கடமைப்பட்டவரா என்பதே இதன் அடியில் இருக்கும் அறக்கேள்வி. கடமை இல்லை என்பது டெபியனின் அமைப்பு விதி: திட்டத்துக்காக வேலை செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இது நியாயமானது. ஒவ்வொரு மென்பொருள் பொதிக்கும் இரண்டு வகைத் துவக்கக் கோப்பு எழுதிச் சோதிப்பது, தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை விழுங்கும் வேலை.

ஆனால் அந்த வாக்கெடுப்பில் பங்கில்லாதவர்களும் முடிவைச் சுமக்கிறார்கள். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அதை விண்டோஸோடு சேர்த்து மாணவர்களிடம் கொண்டுபோனது. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பகுதி அரசுப் பள்ளி மாணவர்களும் அத்திட்டத்தில் அடங்கினர். அவர்களுக்கு டெபியனில் வாக்கில்லை. மூல நிரல் திறந்திருப்பதால் பிடிக்காதவர் பிரிந்து போகலாம் என்ற பதில் அவர்களுக்குப் பாதி உண்மைதான்: பிரிந்து போகத் திறமையும் நேரமும் இணைய வசதியும் வேண்டும்.

2019 டிசம்பர் வாக்கெடுப்பில் டெபியன் சிஸ்டம்டியையே மையமாக ஏற்று, மாற்றுகளை ஆராய்வோருக்கும் ஆதரவு தெரிவித்தது. அதுவே சரியான முடிவு. மாற்று முறைக்கான கோப்புகளை எழுதித் தரும்படி பொதியின் பராமரிப்பாளரை யாரும் வற்புறுத்தக் கூடாது; பிறர் எழுதிச் சோதித்துத் தந்ததை அவர் காரணமின்றி மறுக்கவும் கூடாது.