சொல்லாமல் விடப்படும் குறை

பழைய காரைக் கொடுத்துவிட்டு, மீதித் தொகையைச் செலுத்திப் புதிய காரை எடுத்துவரும் எக்ஸ்சேஞ்ச் முறை இன்று நம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் பழகிவிட்டது. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட எவருக்கும் மனம் வராது. ஆகவே, நல்ல விலை பெறுவது எப்படி என்று கேட்கிறோம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்குள் மற்றொரு கேள்வி பதுங்கி நிற்கிறது: நாம் அறிந்த, வாங்குபவர் அறியாத குறையைச் சொல்லும் கடமை நமக்கு உண்டா?

நேர்மையாக விலையை உயர்த்தும் வழிகள் பல உண்டு. காலந்தவறாது செய்த பராமரிப்புக்கான ரசீதுகளைச் சேர்த்து வைக்கலாம்; காப்பீடு, புகைச் சான்று, வங்கிக் கடன் தீர்ந்ததற்கான சான்று ஆகியவற்றை ஒழுங்குபடுத்தலாம்; ஒருவரிடம் மட்டும் கேளாமல் மூவரிடம் விலை கேட்கலாம். பழைய வண்டிக்குத் தாராளமாக விலை கூறிவிட்டு, புதிய வண்டியின் தள்ளுபடியில் அதைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. எனவே இரு விலைகளையும் தனித்தனியே பேசுதல் நலம். காப்பீட்டில் சேர்ந்துள்ள நோ கிளைம் போனஸ் வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கே உரியது. அதைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். இவையெல்லாம் விவேகம். விவேகமும் நற்பண்புகளுள் ஒன்றே.

வஞ்சகம் தொடங்கும் இடம் வேறு. ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைக் குறைத்து வைப்பது பொய் என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆனால், ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால்? 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்து மெருகிட்டால் கண்ணுக்குக் குறை தெரியாது. மின் இணைப்புகளில் புகுந்த ஈரமும் துருவும் மாதங்கள் கழித்தே தம் வேலையைக் காட்டும். அறிந்தவர் வாய் திறவாவிட்டால் அறியாதவர் எப்படி அறிவார்?

இது பழைய வழக்கு. கி.மு. 44-இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதனை விவாதிக்கிறார். ஒருவர் தம் வீட்டை விற்கிறார். மரங்கள் உளுத்துப்போயின, அறைகளில் பாம்புகள் நடமாடுகின்றன, இது அவரைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. வாங்கும்படி அவர் எவரையும் வற்புறுத்தவில்லையே என்பது தியோஜெனஸ் என்னும் மெய்யியலாரின் கட்சி. வழி தவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதினும் இது கொடிது என்பது அந்திப்பாத்தரின் கட்சி. மறைத்தல் தகாது என்றே சிசரோ முடிவு சொல்கிறார்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில், வாங்குதல் விற்றல் பற்றிய 77-ஆம் வினாவில், இன்னும் நுணுக்கமாக எடை போடுகிறார். மறைவான குறை வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ விளைவிக்குமாயின், விற்பவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒற்றைக் கண் குதிரையைப்போலக் குறை வெளிப்படையாயிருந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால், எடுத்துச் சொல்லும் கட்டாயம் இல்லை. ஆகவே, கதவில் விழுந்த கீறலுக்காக நாம் முரசறைய வேண்டியதில்லை. சில வேளைகளில் பிடிக்காமல் ஏமாற்றும் பிரேக்கைப் பற்றி வாய்மூடியிருக்கவும் முடியாது.

"நாம் கொடுப்பது வியாபாரியிடம்தானே? அவர் சோதித்து எடுத்துக்கொள்ளட்டும்" என்று சிலர் சொல்லக்கூடும். வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும் என்பதுதான் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்திலும் பொதுவிதி, விலக்குகளும் உண்டு. ஆனால் வண்டி வியாபாரியிடமே தங்கிவிடுவதில்லை. முதன்முதலாகக் கார் வாங்கும் ஓர் ஆசிரியரோ, பிள்ளைகளைப் பின்னிருக்கையில் அமர்த்திச் செல்லும் ஒரு தாயோ நாளை அதில் ஏறுவர். எக்ஸ்சேஞ்ச் முறை அவர்களுடைய முகத்தை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. முகம் தெரியவில்லை என்பதற்காக அவர்கள் நம் அயலார் இல்லை என்றாகிவிடுமா?

ஒருவரின் மௌனம் எல்லாரையும் சுடுகிறது. பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை 1970-இல் விளக்கிய பொருளியலார் ஜார்ஜ் அக்கர்லோஃப், 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய முடியாதபோது, வாங்குவோர் எல்லா வண்டிகளுக்கும் விலையைக் குறைத்தே கேட்பர். அந்த விலைக்குக் கட்டுப்படாமல் நல்ல வண்டி வைத்திருப்போர் விலகிக்கொள்வர். மறைத்தவர் செய்த குற்றத்துக்கு மறைக்காதவர் தண்டம் கட்டுகிறார்.

குறையைச் சொன்னால் பத்தாயிரமோ இருபதாயிரமோ குறையலாம். அத்தொகை ஒருநாளும் நம்முடையதாக இருந்ததில்லை. அக்குறையைச் சீர்செய்ய அடுத்தவர் செலவிடப்போகும் பணம் அது. அனைத்தையும் அறிந்த பின்னரும் வாங்குபவர் கொடுக்க ஒப்புகின்ற விலையே நல்ல விலை. அதில் ஒரு ரூபாயையும் விட்டுக்கொடாமல் கேட்போம். அதற்குமேல் ஒரு ரூபாயையும் தொடாதிருப்போம்.