இடம் காட்டியவர்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய கொப்பி இருக்கிறது. வாப்பாவின் வாப்பா எழுதத் தொடங்கியது. பின்னால் வந்தவர்கள் பிறப்பு, இறப்பு, கல்யாணம் என்று சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். காயல்பட்டினத்திலிருந்து தோணியில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய ஒருவரைப் பற்றியது அதன் முதல் பக்கம். புடவை விற்றார், கருவாடும் கொப்பராவும் வாங்கி அனுப்பினார், கிணறு வெட்டினார், இங்கேயே கல்யாணம் முடித்தார். அவருடைய வாப்பாவின் பெயரும் அவர் பிறந்த தெருவும்கூட அதில் இருக்கின்றன. அவர் முடித்த பெண்ணின் பெயர் இல்லை. 'இவ்வூர்ப் பெண்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பேசிப் பார்த்தால் அநேகமாக எல்லாக் குடும்பக் கதையும் ஒரு படகில்தான் தொடங்குகிறது. உடப்பில் கரைவலை இழுக்கிறவர்கள் தங்கள் முன்னோர் இராமேஸ்வரம் பக்கத்துக் கரையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். செட்டிக் குடும்பங்கள் திருநெல்வேலியைச் சொல்லும். சில முஸ்லிம் குடும்பங்கள் அரபு நாட்டையே சொல்லும். யார் வந்தார், எந்தக் கரையிலிருந்து, என்ன தொழில் என்று எல்லாம் சொல்லத் தெரிந்த நமக்கு, அன்று கரையில் யார் நின்றார் என்று கேட்டால் பதில் இல்லை. வந்தவனை விரட்டாமல் 'இதில் இரு' என்று சொன்னவர் யார்? முன்னோரைப் பற்றிய பெருமைக்கு நம்மிடம் குறைவில்லை. இந்தக் கேள்வி மட்டும் நம் வீடுகளில் எழுவதே இல்லை. எனக்கு அது பல வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

கற்பிட்டி மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவில் நீண்டு கிடக்கும் மணல். ஓடுகிற ஆறு கிடையாது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீரைவிடக் கனம் குறைந்தது என்பதால் அதன் மேல் மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருக்கிறது. அந்தப் படலத்தை நம்பித்தான் இந்த நிலத்தில் மனிதர் வாழ முடிகிறது. ஆழம் குறைவாக வெட்டினால் நல்ல தண்ணி. பேராசைப்பட்டு ஆழமாகப் போனால் சவர்த் தண்ணி மேலே வந்துவிடும். எந்த இடத்தில் படலம் தடித்திருக்கிறது, எந்த மாதத்தில் அது மெலிகிறது என்பது இங்கே பல தலைமுறை இருந்தவர்களுக்குத்தான் தெரியும். காயல்பட்டினத்திலிருந்து நேற்று வந்த புடவை வியாபாரிக்கு எப்படித் தெரியும்? கிணறு வெட்டினார் என்று கொப்பி சொல்கிறது. வெட்டியிருப்பார். வெட்டவேண்டிய இடத்தை யாரோ காட்டியிருக்க வேண்டும். அந்த 'இவ்வூர்ப் பெண்'ணாகவோ அவளுடைய ஆட்களாகவோ இருக்கலாம் என்றுதான் என் மனம் போகிறது. அப்படியானால் எங்கள் குடும்பம் தோணியில் தொடங்கவில்லை, அவளிடத்தில்தான் தொடங்குகிறது. அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் காயலில் இருந்தது. இங்கே ஒரு குடும்பம் உண்டானது அவளால்.

இந்தத் தீவிலேயே பெரிய குடியேற்றக் கதை இந்தக் கரையை ஒட்டியதுதான். விஜயன் இறங்கிய தம்பபண்ணி குதிரைமலைப் பக்கம் என்று பலர் சொல்வார்கள். இடம் எதுவாகவும் இருக்கட்டும், மகாவம்சம் சொல்லும் கதையைப் பாருங்கள். பசியோடு வந்த எழுநூறு பேருக்கு அரிசியும் மற்றப் பண்டமும் இருக்கிற இடத்தைக் காட்டியவள் குவேனி. தன் இனத்தாரை வெல்லும் வழியைச் சொன்னவளும் அவள்தான். காரியம் முடிந்து, மதுரையிலிருந்து அரசகுமாரி வருகிறாள் என்றதும் குவேனியைப் பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டான் விஜயன். அவள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் இனத்தாரிடமே போய் அவர்கள் கையால் செத்தாள். பிள்ளைகள் மலைநாட்டுக்குத் தப்பி ஓடினார்கள். இது வரலாறா புராணமா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. வந்தவனைக் கொண்டாட எழுதிய நூல், இடம் கொடுத்தவளின் பெயரையும் அவளுக்கு நேர்ந்ததையும் அழிக்காமல் வைத்திருக்கிறது. எங்கள் கொப்பிக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை.

விஜயன் கதைக்கும் வெளியே, கலா ஓயாவுக்கு வடக்கே, வில்பத்துக் காட்டோரத்தில் பொன்பரப்பி இருக்கிறது. அங்கே தோண்டியபோது ஈமத்தாழிகள் கிடைத்தன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் எலும்பாகக் கிடந்தவர்களுக்கும் ஒரு காலத்தில் குடும்பப் பெருமை இருந்திருக்கும். 'நாங்கள்தான் முதலில் வந்தோம்' என்று யார் என்னிடம் சொன்னாலும் எனக்கு அந்தத் தாழிகள் ஞாபகம் வருகின்றன. நமக்கு முன்னால் இங்கே எப்போதும் யாரோ இருந்திருக்கிறார்கள்.

1344இல் இப்னு பதூதா மாலைத்தீவிலிருந்து வந்து இறங்கிய 'பத்தாலா' புத்தளம் என்றே கொள்ளப்படுகிறது. அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றதையும் பேசியதையும் பாவாதமலைக்குப் போகப் பல்லக்கும் துணையும் கொடுத்ததையும் அவர் பயணக்குறிப்பு ஒவ்வொன்றாகச் சொல்கிறது. கூட வந்த யோகிகள் நான்கு பேர், பிராமணர் மூன்று பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று கணக்கும் உண்டு. வந்து பார்த்துவிட்டுப் போனவர் அவர். போகிறவனுக்கு உபசாரம் கடன், அதை அவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான். தங்கிவிடுகிறவனுக்கோ அந்த ஞாபகம் இடைஞ்சலாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். நிலம் என்னுடையது என்று சொல்ல வேண்டுமானால் அது கொடுக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டியிருக்கிறது. முதல் தலைமுறை நன்றியோடு சொன்னதை இரண்டாவது தலைமுறை சுருக்கிச் சொல்கிறது. மூன்றாவது தலைமுறைக்கு 'அவர் கிணறு வெட்டினார்' என்பது மட்டும்தான் மிஞ்சுகிறது.

எல்லோரும் அப்படி மறந்ததில்லை. 1807இல் இதே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டியும் வந்தவர்களின் வழிவந்தவர்தான். இருபத்தேழு வயதில், 1834இல், இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய அகராதியை வெளியிட்டார். 1859இல் வந்த 'தமிழ் புளூட்டாக்' தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்த நூல். நான் அவரை மதிப்பது அதற்கும் மேலான ஒரு காரணத்துக்காக. இந்தக் கரையின் முக்குவர்களுடைய வழக்கங்களைக் கேட்டு எழுதினார். யாரும் பக்கத்தில் சேர்க்காத ரொடியர் பேசிய சொற்களையும் திரட்டி எழுதினார். உத்தியோகத்தில் உயர்ந்து சட்டசபை வரை போன ஒருவர் தன் வம்சப் பெருமையோடு நின்றிருக்கலாம். அவர் தன்னைச் சுற்றி இருந்தவர்களை எழுதினார்.

விரும்பி வராதவர்களும் உண்டு. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பையடியில் இருக்கும் ஆபிரிக்க வம்சத்தவரின் முன்னோர் அந்நிய ஆட்சிக்காரரின் படைக்கும் வேலைக்கும் கொண்டுவரப்பட்டவர்கள். இவர்தான் முதலில் வந்தார் என்று பெயர் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. போர்த்துக்கேயம் கலந்த மொழியில் அமைந்த மஞ்சாப் பாட்டுகள்தான் அவர்களிடம் எஞ்சியவை. அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கொப்பி இல்லாமலும் ஒரு குடும்பம் தன்னை மறக்காமல் இருக்கலாம்.

1990 ஒக்டோபரில் நான் சிறுபிள்ளை. வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் நிறைந்த பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. எங்கள் கிணற்றடியில் விடியமுன்னம் தொடங்கும் வரிசை இருட்டும் வரை நிற்கும். சில மாதத்தில் தண்ணி சவர்க்கத் தொடங்கியது. உம்மா ஒரு நாள் வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அடுத்த நாள் காலையில் அவரே அதை வெளியில் கொண்டுபோய்க் கயிற்றில் கட்டினார். இரண்டு நாளும் அவர் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை.

பின்னால் வந்த வருடங்கள் இலகுவாக இருக்கவில்லை. கூலிவேலைக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் வாக்குக்கும் போட்டி வந்தது. 'அகதி' என்ற சொல் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் மேலும் ஒட்டிக்கொண்டது. போருக்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள், பலர் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குப் புத்தளம்தான் ஊர். அவர்களும் இப்போது கொப்பி எழுதத் தொடங்கியிருப்பார்கள். மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்தவர் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும்.

முதல் இரவில் கொட்டில் போட இடம் விட்டவர்களும், சோறு ஆக்கி அனுப்பிய பெண்களும், கிணற்றடியில் ஏசினவர்களும் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறார்கள். வந்து நின்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்து மூத்தவர்களிடமும் பெயர் கேட்டு எழுத இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. யார் இடம் தந்தார், யார் தரவில்லை, எந்த மரத்தடி, யாருடைய கிணறு. ஏசினதையும் எழுத வேண்டும், வாளியை உள்ளே வைத்ததையும் எழுத வேண்டும். நான் உம்மாவிடமிருந்து தொடங்கியிருக்கிறேன். முதலில் அவர் சொல்ல விரும்பவில்லை. பிறகு, அன்று வரிசையில் நின்ற பெண்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.