எஞ்சிய பொருள் யாருக்கு உரியது?

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது மிகுபொருள் விரும்பாமை. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம் என்று சொல்லும்போது இவ்விரதத்தின் கருத்து நமக்கு எளிதில் விளங்கிவிடுகிறது. அவற்றுக்கு அளவு குறித்துக்கொண்டு வாழ்வோரும் நம்மிடையே உண்டு. ஆனால் பரண்மேலும் கொட்டகையின் மூலையிலும் பல்லாண்டுகளாக இருந்துவரும் சிறுபொருள்களை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கணக்கில் வாராத பொருளுக்கு அளவு குறிப்பது எங்ஙனம்? அத்தகைய பொருள்களுள் ஒன்றாகிய, பழைய கார்களின் எஞ்சிய அசல் உதிரிப் பாகங்களைச் சான்றாகக் கொண்டு இங்கே சிறிது சிந்திப்போம்.

கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957 முதல் செய்யப்பட்டுவந்த அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பம்பாயில் ஃபியட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்ற கார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றது. நம் சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் நெடுங்காலம் முன்பே நின்றுபோயிற்று. தொழிற்சாலை மூடப்பட்டபின் அசல் பாகங்கள் புதிதாகத் தோன்றுவதில்லை. தேயும் பாகங்கள் சிலவற்றைச் சிறு பட்டறைகள் வார்த்தும் கடைந்தும் தரக்கூடும். முகப்பு கிரில், மீட்டர் பலகை, கதவுக் கைப்பிடி, பெயர் பொறித்த முலாம் தகடு போன்றவற்றை அவ்வாறு செய்துகொள்வது அரிது. அம்பாசிடரிலேயே முதல் வகையின் முகப்பு வேறு, 1960களில் வந்த இரண்டாம் வகையின் முகப்பு வேறு.

இவற்றின் மதிப்பு அண்மையில் உயர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. 2021ஆம் ஆண்டு மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதற்பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, பெரும் மாற்றமின்றி அசல் வடிவிலேயே பேணப்படும் வாகனங்களை வின்டேஜ் வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ள அத்திருத்தம் வழி செய்தது. அசல் வடிவம் வேண்டுமெனின் அசல் பாகம் வேண்டும். ஆகவே நேற்றுவரை பழைய இரும்பாகக் கருதப்பட்டவை இன்று தேடப்படும் பொருள்களாகிவிட்டன.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தையார் முப்பது ஆண்டுகள் அம்பாசிடர் கார் வைத்திருந்தவர். எதையும் வீணாக்காத இயல்பினர். கழற்றிய பாகத்தைத் துடைத்து எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைப்பார். கிடைக்கும் இடத்தில் புதிய பாகங்களையும் வாங்கிச் சேர்ப்பார். கார் கைம்மாறிப் போயிற்று, அவரும் மறைந்துவிட்டார். நான்கு மரப்பெட்டிகள் மட்டும் எஞ்சின. தந்தையின் கைபட்டவை ஆகையால் அப்படியே இருக்கட்டும் என்கிறார் மூத்த மகன். ஆண்டுதோறும் விலை ஏறுகிறது, இன்னும் பத்தாண்டு பொறுத்து விற்கலாம் என்கிறார் இளையவர். அதே வகைக் காரை இன்றும் ஓட்டிக்கொண்டு பாகம் கிடைக்காமல் அலைபவர் யாரேனும் இருப்பார், அவருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் மகள். மூவருடைய சொல்லிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது அறம் பற்றிய வினாவாகிறது.

முதலில் மூத்தவரின் கருத்தைப் பார்ப்போம். பரிக்கிரகம் இன்னதென்று தத்துவார்த்த சூத்திரத்தில் விளக்கும் உமாசுவாமி ஆசாரியர், பொருளைச் சுட்டாமல் பொருளின்மேல் மனம் கொள்ளும் மயக்கத்தையே சுட்டுகிறார். இதைத் தவறாகக் கொள்வாரும் உளர். மயக்கம் இல்லையெனில் எவ்வளவு பொருளையும் வைத்துக்கொள்ளலாம் அன்றோ என்பர். மயக்கம் உண்டா இல்லையா என்பதைப் பொருள் பெட்டியில் உறங்கும்போது அறிய இயலாது. அப்பொருள் தேவையான ஒருவர் வாயிலில் வந்து கேட்கும்போதுதான் அறியலாம். அந்நேரத்தில் உள்ளம் சுருங்குமாயின் அதுவே மயக்கம். தந்தையின் நினைவு மதிக்கத்தக்கது. அதற்கு அவர் நாள்தோறும் பற்றிய ஸ்டீயரிங் சக்கரம் ஒன்று போதுமானது. நான்கு பெட்டிகளையும் நினைவு என்று அழைப்பது, பற்றுக்கு அன்பின் பெயரைச் சூட்டுவதாகும். பொருளை வீணாக்கலாகாது என்பதே அத்தந்தையின் கொள்கை. பெட்டிக்குள் துருவேற விடுவதும் வீணாக்குதலே.

இளையவரின் கருத்து இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. விலைக்கு விற்பது குற்றமன்று. உழவும் வணிகமும் செய்து வாழ்ந்த நம் முன்னோர் நியாயமான ஊதியத்தை என்றும் விலக்கியதில்லை. பிறர் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டபோது இக்குடும்பம் அன்றோ இடம் ஒதுக்கிக் காத்து வைத்தது? காத்தவனுக்குப் பயன் வேண்டாவா என்னும் வினாவை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. காத்தல் ஒரு தொண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தேவை தோன்றும்வரைதான் அது தொண்டு. தேவையுடையவர் வந்து நின்றபின்னும், அவருடைய முட்டுப்பாடு முற்றினால் விலை கூடும் என்று கதவைச் சாத்தி வைப்பது காத்தலன்று, பதுக்கல். பஞ்சகாலத்தில் நெல்லைப் பூட்டி வைப்பவனை நாம் இகழ்கிறோம். கார்ப் பாகம் இல்லாமல் எவரும் பசியால் வாடப் போவதில்லை என்பது மெய்யே. எனினும் பூட்டுகின்ற மனம் இரண்டிடத்தும் ஒன்றுதான். சிறுபொருளில் பழகிய மனம் பெரும்பொருளில் மாறிவிடுவதில்லை.

மகளின் கருத்தே நமக்கு உடன்பாடு. அதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. அசல் என்னும் சொல்லின் பொருளிலேயே அக்காரணம் அடங்கியிருக்கிறது. ஒரு கிரில் எதற்கு அசல்? தனக்குத்தானே அசல் ஆவதில்லை. அந்த வகைக் காரின் முகப்பில் பொருந்தும்போதே அச்சொல் அதற்குப் பொருந்துகிறது. பெட்டிக்குள் இருக்கும்வரை அது முலாம் பூசிய உலோகம். ஆகவே அசலைப் போற்றுகிறோம் என்று கூறுவோர், அது சேரவேண்டிய இடத்தில் சேர வழிவிடுவதே முறை. மேலும், பழைய பாகம் ஒன்று மீண்டும் பயன்படுமாயின் அந்த அளவுக்கு மண்ணைத் தோண்டுவதும் உலையை மூட்டுவதும் நீரில் கழிவைக் கலப்பதும் குறையும். நிலம், நீர், தீ ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களையும் எண்ணிப் பார்க்கும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

ஆயினும் கொடுத்தல் என்பது பெட்டியைத் தூக்கி நீட்டுவதோடு முடிவதில்லை. வாய்மையும் கொல்லாமையும் கள்ளாமையும் அங்கே உடன்வர வேண்டும். எது தொழிற்சாலையில் பிறந்தது, எது பிற்காலத்தில் பட்டறையில் செய்தது, எது ஒட்டவைத்தது என்பவற்றை வாங்குவோர் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும். பிரேக் சிலிண்டரில் உள்ள ரப்பர் பாகங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நாட்பட்டால் இறுகி வெடித்துவிடும். காகிதம் பிரிக்காத புதுப்பெட்டி என்பதற்காக அவற்றைக் கொடுத்தல், அறியாதவர் கையில் ஆபத்தைக் கொடுத்தலாகும். இலவசமாகக் கொடுத்தாலும் அப்பழி நீங்காது. பழைய பிரேக் லைனிங்குகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூள் நுரையீரலைக் கெடுப்பது. அவற்றை அராவியும் ஊதியும் துடைக்க முற்படாமல் தனியே கட்டி ஒதுக்குதல் வேண்டும். எண் பொறித்த எஞ்சினோ சேசிஸ் பகுதியோ இருப்பின் உரிய ஆவணமின்றி எவர்க்கும் தரலாகாது. களவுபோன வாகனத்திற்கு முகமூடியாக அது பயன்படக்கூடும்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் பெட்டிகளைத் திறந்து பட்டியல் எழுதுக. வீட்டில் அக்கார் இன்றும் ஓடுமாயின் அதற்கு வேண்டியவற்றை ஒதுக்குக. இது விரதத்திற்கு முரணன்று. அளவு குறித்துக்கொண்டு வைத்திருத்தலே இல்லறத்தானுக்கு விதித்த நெறி. அடுத்து, அதே வகைக் காரை வைத்திருப்போருக்கு நியாய விலைக்கோ விலையின்றியோ தருக. ஊரில் உள்ள பழைய மெக்கானிக்கிடம் விசாரித்தால் யாரிடம் எந்தக் கார் ஓடுகிறது என்பது தெரியவரும். காரில் பொருத்த இயலாதவற்றுள் கார்புரேட்டர், டைனமோ போன்றவை தொழிற்பயிற்சி நிலையத்து மாணவர் பிரித்துப் பார்த்துக் கற்க உதவும். மிக அரியனவாயின் அருங்காட்சியகத்தை நாடலாம். கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜீ.டி. கார் அருங்காட்சியகம் போன்றவை நம் மாநிலத்திலேயே உள்ளன. இவை எதற்கும் ஆகாதவற்றை மட்டும் இறுதியில் பழைய இரும்புக்கு அனுப்புக. இந்த வரிசை தலைகீழாகிவிடக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

வாங்கியவர் அதனை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். கொடுக்குமுன் அவரிடம் அந்தக் கார் உண்டா என்று விசாரிப்பது அறிவுடைமை. கொடுத்தபின் அதைத் தொடர்ந்து சென்று கணக்குக் கேட்பது, கையை விட்ட பொருளை மனத்தால் பற்றிக்கொண்டிருப்பதாகும்.

தசலட்சண விழாவில் எட்டாம் நாள் தியாகத்திற்கும் ஒன்பதாம் நாள் ஆகிஞ்சன்யத்திற்கும் உரியவை. கொடுத்தல் முன்னே நிற்க, எதுவும் எனதன்று என்னும் உணர்வு அதனை அடுத்து வருகிறது. கொடுத்தேன் என்ற எண்ணமும் ஓர் உடைமையே ஆகையால் அதையும் இறக்கி வைக்கவே அடுத்த நாள் வைக்கப்பட்டது போலும். எதிர்வரும் தசலட்சணத்திற்கு முன் நம் வீட்டுப் பரண்களை ஒருமுறை பார்ப்போம். அங்கே கார்ப் பாகங்கள் இல்லாதிருக்கலாம். தையல் எந்திரமோ, பம்புசெட்டின் பாகமோ, எவரும் படிக்காத புத்தகக் கட்டோ இருக்கக்கூடும். அவை ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டு யாரோ ஒருவர் எங்கோ அலைந்துகொண்டிருப்பார் என்பதை மறவாதிருப்போமாக.