நெஞ்சுக்குள் ஒரு வாய்க்கால்

காலை ஐந்தரை மணி. அம்மா இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்காருவார். மடியில் துண்டு, கையில் மூடி போட்ட சின்னக் கிண்ணம். அடுத்த அரை மணி நேரம் யாரும் அவரோடு பேசுவதில்லை. மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, ‘ஹா’வென்று ஊதி, நெஞ்சில் கட்டிய கோழையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவருவார். முடிந்ததும் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் நேரே காப்பி. பச்சையாக மாறியிருந்தால் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம்.

அம்மாவுக்கு இருப்பது மூச்சுக்குழல் விரிவு நோய். டாக்டர்கள் பிராங்கியெக்டேசிஸ் என்பார்கள்.

இதைப் புரிந்துகொள்ள வாய்க்காலை நினைத்துக்கொண்டால் போதும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, மறுபடி மறுபடி கிளைத்து, ஏறத்தாழ இருபத்து மூன்று தலைமுறைக் கிளைகளாக நுரையீரல் முழுக்கப் பரவுகிறது. காற்றோடு வரும் தூசியும் கிருமியும் உட்சுவரின் மெல்லிய சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் அடியில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, படலத்தைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமல் விழுங்கிவிடுவோம்.

பெரிய நோய்த்தொற்று ஒன்று குழலின் சுவரை அரித்துவிட்டால் கதை மாறுகிறது. கரை உடைந்து அகன்ற வாய்க்காலில் நீரோட்டம் தளர்ந்து வண்டல் தங்குவதுபோல, விரிந்த குழலில் சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமி குடியேறுகிறது. அதை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் நொதிகள் சுவரையும் சேர்த்தே அரிக்கின்றன. குழல் இன்னும் விரிகிறது. சளி இன்னும் தேங்குகிறது. 1980-களில் லண்டன் மருத்துவர் பீட்டர் கோல் இதை ஒரு நச்சுச் சுழல் என்று விளக்கினார். நோய் புதிதல்ல. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக், 1819-இல் வெளியிட்ட நூலிலேயே இதை விவரித்திருக்கிறார்.

முதலில் சுவரை அரித்தது எது? சிறு வயது நிமோனியா, கக்குவான், தட்டம்மை, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையால் வரும் ஒவ்வாமை என்று காரணங்கள் பல. நம் நாட்டில் முதலிடம் காசநோய்க்கு. இந்தியா முழுவதும் 2195 நோயாளிகளைப் பதிவு செய்து 2019-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பழைய காசநோயே மூலம் என்று தெரியவந்தது.

அம்மாவும் அந்தக் கணக்கில் ஒருவர்தான். முப்பத்து நான்கு வயதில் டிபி வந்து, மாத்திரை முழுவதும் சாப்பிட்டுக் குணமானவர். “டிபி போயிடுச்சுன்னாங்களே, அப்புறம் ஏன் இருமல் போகல?” என்று பல வருஷம் கேட்டார். ஒருமுறை பழைய தழும்பு தெரிந்த எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து, சளிப் பரிசோதனைகூடச் செய்யாமல் இரண்டாவது தடவை டிபி மாத்திரை கொடுத்தார்கள். வீணாகப் போன அந்த ஆறு மாதங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. கடைசியில் சிடி ஸ்கேன்தான் உண்மையைச் சொன்னது. மூச்சுக்குழல் பக்கத்து ரத்தக்குழாயைவிடப் பெரிதாகி, படத்தில் இரண்டும் சேர்ந்து கல் பதித்த மோதிரம்போலத் தெரிந்தன. காசநோய் குணமான பிறகும் மாதக்கணக்கில் சளியோடு இருமல் நீடித்தால், சளிப் பரிசோதனையும் தேவைப்பட்டால் சிடியும் கேட்டு வாங்குங்கள்.

விரிந்த குழல் பழையபடி சுருங்காது. ஆனால் தேங்குவதைத் தடுக்கலாம்; சுழல் அங்கேதான் அறுபடும். அம்மா செய்வதை பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். முதலில் தோளைத் தளர்த்தி அமைதியான மூச்சு. பிறகு மூன்று நான்கு முறை ஆழமாக இழுத்து, மூன்று வினாடி நிறுத்தினால், சளிக்குப் பின்னால் காற்று புகும். மறுபடி அமைதியான மூச்சு. அப்புறம் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய வைப்பதுபோல ‘ஹா’ என்று ஊத வேண்டும். சளி மேலே வந்த பிறகுதான் இருமல். எடுத்த எடுப்பில் வலிந்து இருமினால் களைப்புதான் மிஞ்சும். கோழை கெட்டியாக இருந்தால் டாக்டர் சொல்லும் உப்புநீரை நெபுலைசரில் வைத்துக்கொள்ளலாம். இருமலை அடக்கும் சிரப் இவர்களுக்கு ஆகாது. வெளியே வர வேண்டியதை அது உள்ளே பூட்டிவைக்கிறது.

இவ்வளவு செய்தும் வருஷத்தில் ஓரிரு முறை தொற்று வந்துவிடும். சளி கூடுவது, நிறம் மாறுவது, மூச்சு வாங்குவது, அசதி என்று பல குறிகள் சேர்ந்து இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்பே சளியைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும். சூடோமோனாஸ் போன்ற பிடிவாதக் கிருமி இருந்தால் சாதாரண மருந்து எடுபடாது. வழக்கமாக இவர்களுக்குப் பதினான்கு நாள் மருந்து. ஐந்தாம் நாள் தெம்பு வந்துவிட்டதென்று நிறுத்திவிடக் கூடாது. சளியில் ரத்தம் கரண்டிக் கணக்கில் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் மூச்சிரைத்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

மருந்து முடிந்த நாளும் உடம்பு தேறிய நாளும் ஒன்றல்ல. போன மழைக்காலத்தில் தொற்று நிமோனியாவாக முற்றி அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “இப்ப நல்லா ஆயிட்டீங்களா?” என்று கேட்டார்கள். அவர் குற்றம் செய்தவர்போலத் தலையைக் குனிந்தார். நிமோனியா நோயாளிகளுக்கு பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டி சொல்லும் கணக்கை அன்று அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வாரத்தில் காய்ச்சல் விடும். நான்கு வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் கணிசமாகக் குறையும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் தணியும். மூன்று மாதத்தில் பெரும்பாலான தொல்லைகள் போனாலும் அசதி மிஞ்சலாம். பழைய நிலைக்குத் திரும்ப ஆறு மாதம்கூட ஆகும். அது நிமோனியாவுக்கான கணக்கு; ஏற்கெனவே பழுதான நெஞ்சுக்கு இன்னும் சில வாரம் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயம். “அப்ப நான் சோம்பேறி இல்லையா?” என்றார் அம்மா. முதல் வாரம் வாசல்வரை, அடுத்த வாரம் தெருமுனைவரை என்று நடக்கத் தொடங்கினார். நடை மூச்சைத் திறக்கிறது, சளியையும் இளக்குகிறது.

மருத்துவமும் நின்றுவிடவில்லை. அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில் வாரம் மூன்று நாள் அஸித்ரோமைசின் கொடுக்கும் முறை பலனளிக்கிறது. வெள்ளை அணுக்களின் நொதிகளைக் கட்டுப்படுத்தும் பிரென்சோகேட்டிப் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே இந்த நோய்க்கென்றே அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் இருக்கின்றன. வீட்டில் விறகுப் புகையும் பீடி, சிகரெட் புகையும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அம்மாவை வாட்டியது கூச்சம். கல்யாண வீட்டில் இருமல் வந்தால் பந்தியை விட்டு எழுந்து போவார். ‘டிபிக்காரி’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்து சளியை விழுங்கவே பழகியிருந்தார். மூச்சுக்குழல் விரிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயல்ல. அதை வீட்டிலுள்ளவர்கள் முதலில் நம்ப வேண்டும்.

கண்மாயைத் தூர்வாரும் வேலை ஒரு வருஷத்தோடு முடிவதில்லை. மறு வருஷமும் வண்டல் வரும் என்று தெரிந்தேதான் ஊர் மண்வெட்டியோடு இறங்குகிறது. அம்மாவுக்கு அது தினப்படி வேலை. போன மாதம் கூடத்து நாற்காலிக்குப் பக்கத்தில் நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். அவர் மூச்சை இழுத்து நிறுத்த, நான் மூன்று வினாடி எண்ணுகிறேன்.