கூடுமான வரையில்

கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை போனபோது வேங்கிக்காலில் என் தங்கை வீட்டில் தங்கினேன். அவள் பேரன் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறான். எண்பதைத் தாண்டிய டாக்டரான என் பெரியப்பா பிள்ளையும் வந்திருந்தார். சாயங்காலம் மாடியில் மலையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தோம். பையனுடைய லேப்டாப் திரையில் ஒரு தவளையின் கெண்டைக்கால் தசை. பொத்தானை அழுத்தினால் அது சுருங்கும்; பக்கத்தில் ஒரு கோடு ஏறி இறங்கும்.

"இதுவாடா தவளை?" என்று சிரித்தார் அண்ணா.

அறுபதுகளில் அவர் படித்த காலத்தில் அது நிஜத் தவளை. பிடரியில் ஊசியைச் செலுத்தி மூளையையும் தண்டுவடத்தையும் சிதைப்பார்கள். பிறகு தசையை நரம்போடு தனியே எடுத்து ஒரு நெம்புகோலில் கட்டுவார்கள். சுழலும் உருளையில் புகை படிந்த காகிதம்; அதில் கோடு விழும். அதற்கு வார்னிஷ் பூசி ரிக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டும்.

"முதல் தவளைக்குக் கை நடுங்கிற்று. மூன்றாவதற்கு நடுங்கவில்லை. அந்தக் கைதான் பின்னால் எத்தனையோ ஆபரேஷன் செய்தது."

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நடுங்காத கையைத் தேடித்தானே நாம் டாக்டரிடம் போகிறோம்?

பையன் கேட்டான்: "கோடு எப்படி வரும் என்று முன்னாலேயே தெரியுமா, தாத்தா?"

"தெரியாமல் என்ன? புத்தகத்திலேயே படம் இருக்குமே. சரியாக வராவிட்டால் வேறொரு தவளை எடுத்துக்கொள்வோம்."

சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசவில்லை.

எனக்குத் தைத்தது அந்த 'வேறொரு'தான். அன்று காலை ரமணாசிரமத்தில், 1948-ல் இறந்த லட்சுமி என்ற பசுவின் சமாதியைக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தோம். பக்கத்திலேயே மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் சமாதிகள். பெயர் வைத்த பிராணியிடம் கருணை காட்டுவது எவ்வளவு சௌகரியம்!

தெரியாததைத் தெரிந்துகொள்ள ஓர் உயிரை எடுக்கலாமா என்பது பெரிய கேள்வி. மருந்து சாப்பிட்டுப் பிழைத்த நானும் நீங்களும் அதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. ஆனால், தெரிந்த விடையை மறுபடி எழுதிப் பார்ப்பதற்கு? மார்க்குக்கு?

1960-ல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டமே இதைக் கேட்டிருக்கிறது. ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதா தூண்டிவிட்ட சட்டம் அது. புத்தகமோ மாதிரி உருவமோ சினிமாப் படமோ போதுமென்றால் மருத்துவக் கல்லூரிகளில் பிராணிச் சோதனையைத் தவிர்க்க வேண்டும், கைப்பழக்கத்துக்காக மட்டும் சோதனை கூடாது என்கிறது பதினேழாவது பிரிவு. ஆனால் 'கூடுமான வரையில்' என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டது. அந்தச் சந்து வழியாக 54 வருஷம் தவளைகளும் முயல்களும் நாய்களும் போய்க்கொண்டிருந்தன. உடலியங்கியலையும் மருந்தியலையும் இளநிலை மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் மூலமே கற்பிக்க வேண்டும் என்று அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதித்தது 2014-ல்தான். சட்டத்தைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. நான் உண்மை பேசுவதும் கூடுமான வரையில்தான்.

அண்ணா விடவில்லை. "அது சரி, முதல் ஊசியை யாருக்கடா போடுவாய்?"

"முதலில் ரப்பர் கைக்கு. அப்புறம் மனிதருக்குத்தான்." பையன் முகத்தில் பயம் தெரிந்தது. "ஆனால் அவர் சம்மதித்த பிறகு, தாத்தா."

அண்ணா சட்டைக் கையை மடித்துவிட்டு, நரம்பு புடைத்த கையை அவன் முன்னால் நீட்டினார். "இந்தா, நான் சம்மதிக்கிறேன்."

"அந்தப் பாடம் இன்னும் வரவில்லையே, தாத்தா" என்று அவன் லேப்டாப்பை மூடினான்.