பக்கத்தில் உட்காருதல்

வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கிறார்கள். வெளியாரிடம் பேசாத குழந்தைகள் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் பாசக்காரர்: ஊரிலிருந்து வந்த மாமா, எதிர்வீட்டு அக்கா, பள்ளி வேன் ஓட்டும் அண்ணன். அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்காக நிற்கிறார். குழந்தையின் உடம்பு விறைக்கிறது. கண் ஓரிடத்தில் குத்தி நிற்கிறது. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அதே குழந்தை மடமடவென்று கொட்டுகிறது: வேனில் யார் யாரைக் கிள்ளினார்கள், மிஸ் என்ன புடவை கட்டியிருந்தார், நாளைக்கு டப்பாவில் என்ன வேண்டும்.

"உங்க பொண்ணு பேசவே மாட்டேங்குறாளே" என்கிறது பள்ளி. "எங்க பொண்ணா? காது வலிக்கிற அளவுக்குப் பேசுவாளே" என்கிறது வீடு. இருவர் சொல்வதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்குள் ஒரு கல்வியாண்டே போய்விடுகிறது.

*

மருத்துவர்கள் இதை செலக்டிவ் மியூட்டிசம் என்கிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த குழந்தைக்குச் சில இடங்களில், சில மனிதர்கள் முன்னால் மட்டும் குரல் வராமல் போவது. ஒரு மாதமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த மாதத்தில் எத்தனையோ குழந்தைகள் பேசாமல் இருப்பார்கள். நூறு குழந்தைகளில் ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். பள்ளிக்கு வந்த பிறகுதான் பிறர் கண்ணில் படும்.

1877இல் அடால்ஃப் குஸ்மவுல் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைப் பற்றி எழுதியபோது, விரும்பியே பேசாமல் இருப்பதாகத்தான் கருதினார். 1934இல் சுவிட்சர்லாந்தின் மோரிட்ஸ் டிராமரும் குழந்தை தானே தேர்ந்தெடுத்த மௌனமாகவே இதைப் பார்த்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதைப் பதற்றக் கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது 2013இல்தான். பிடிவாதம் என்று பார்த்ததைப் பயம் என்று பார்ப்பதற்கு மருத்துவத்துக்கே 136 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அழுத்தக்காரி, திமிர் பிடித்தவள், ஊமைக்கோட்டான் என்று சொல்லும் நம் வீடுகளும் வகுப்பறைகளும் அந்தத் தூரத்தை இன்னும் கடக்கவில்லை.

இந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்த பிறகு சொல்வது ஒன்றுதான். மனத்துக்குள் பதில் தயாராக இருந்தது, தொண்டைக்கு மேலே வரவில்லை.

*

தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறதா என்று அம்மாக்களைக் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். கேட்க முடியாது. ஆகவே காலையிலிருந்து மாலை வரை ஒரு மிடறுகூடக் குடிக்காமல் இருக்கிறாள் ஐந்து வயதுக் குழந்தை. இன்னொருத்தி அடக்கி அடக்கிப் பார்த்து உடையிலேயே போய்விடுகிறாள். விளையாட்டில் விழுந்து முழங்கை வீங்கினாலும் சொல்வதில்லை. மாலையில் குளிப்பாட்டும்போதுதான் அம்மாவுக்குத் தெரிகிறது.

பேச வைப்பதை எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் கழிப்பறைக்கு ஒரு வழி வேண்டும். மேசை ஓரத்தில் ஒரு மஞ்சள் அட்டை போதும். எடுத்துக் காட்டிவிட்டுப் போகலாம். அல்லது குறிப்பிட்ட நேரத்தில் வகுப்பு முழுவதையும் அனுப்பலாம். அட்டை கொடுத்தால் பேசவே மாட்டாளே என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அடிவயிறு வலிக்க உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு எந்தச் சொல்தான் வரும்?

*

ஒரு கேள்வி வருகிறது. குழந்தைக்குள் பதற்றம் ஏறுகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மா தாங்க மாட்டாமல் தானே பதில் சொல்லிவிடுகிறாள்: "யூகேஜி படிக்கிறா, கொஞ்சம் கூச்ச சுபாவம்." கேட்டவருக்கு நிம்மதி. அம்மாவுக்கு நிம்மதி. எல்லோரையும்விடப் பெரிய நிம்மதி குழந்தைக்கு. சிக்கல் அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் பதற்றம் இறங்கிவிடும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் விரைவாகப் பூட்டிக்கொள்கிறது.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணெதிரே விறைத்து நிற்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாய் சும்மா நிற்பாள்? ஆனாலும் அதட்டுகிறவரும் காப்பாற்றுகிறவரும் குழந்தையை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். அதட்டல் பயத்தைக் கூட்டுகிறது. முந்திக்கொண்டு பதில் சொல்வது, நீ பயப்பட்டது சரிதான் என்று குழந்தைக்குச் சொல்லிவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறது. ஓரளவு பழகிய ஆளிடம், ஓரளவு பழகிய இடத்தில், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்து விநாடி பொறுப்பது. எழுதும்போது ஐந்து விநாடி ஒன்றுமில்லை. வாசலில் பெரியவர்கள் கூடி நிற்க, குழந்தையின் வாயைப் பார்க்காமல் ஐந்து விநாடி பொறுப்பது எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பதில் வராவிட்டால் கேள்வியைச் சிறிதாக்கலாம். "என்ன வேணும்?" என்பது பெரிய கேள்வி. "மாம்பழமா, சப்போட்டாவா?" என்பது சிறியது. வேணுமா, வேண்டாமா என்று கேட்டால் தலையாட்டலோடு முடிந்துவிடும்.

*

வீட்டில் ஏதாவது நடந்ததா, யாராவது அடித்தார்களா என்று முதலில் அம்மாவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். இந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி எந்தக் கதையும் கிடையாது. பிறவியிலேயே புதியவற்றின் முன் சுருங்கும் இயல்பு சிலருக்கு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதிய காட்சிகளைக் காட்டி, புதிய ஒலிகளைக் கேட்க வைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. அந்தக் குழந்தைகள் பின்னாளில் கூச்சமும் அச்சமும் உள்ளவர்களாக வளரும் வாய்ப்பு அதிகம் என்றும் கண்டார். "அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்" என்று பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால் தானாகச் சரியாகிவிடும் என்று அவர் சேர்த்துக்கொள்வதைத்தான் நம்ப முடியாது. அந்த அப்பா இன்றைக்கும் வங்கியில் வரிசையில் நின்று சந்தேகம் கேட்கத் தயங்குகிறவராக இருக்கக்கூடும்.

எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்த குழந்தை ஒருநாள் திடீரென்று பேச்சை நிறுத்தினால் அது வேறு. எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பிறகு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பேசாமல் இருந்தார். அத்தகைய மௌனத்தைப் பார்த்தால் காத்திருக்கக் கூடாது. என்ன நடந்தது என்று உடனே விசாரித்தறிய வேண்டும்.

*

நேரெதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லிக் கேட்பதையே அக்கறை என்று பழகியிருக்கிறோம். இந்தக் குழந்தைகளுக்கு அதுவே பாரம். பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டு பேரின் கண்ணும் மூன்றாவதாக ஒரு பொருளின்மேல் இருக்க வேண்டும்: கட்டைகள், வண்ணம், களிமண், எறும்பு வரிசை.

நார்வேயில் பியாட்டே ஓர்பெக் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 3 முதல் 9 வயது வரையுள்ள 24 குழந்தைகளோடு செய்த ஆய்வை 2014இல் வெளியிட்டார்கள். முதலில் வீட்டில் தொடங்கிப் பிறகு பள்ளிக்குப் போனார்கள். பெரியவர் கேள்வி கேட்பதில்லை. தன் யோசனையைத் தானே வாய்விட்டுச் சொல்கிறார். பதில் வராவிட்டாலும் பேச்சை அப்படியே தொடர்கிறார். சொல் வந்தால் அதை ஓர் அதிசயமாக்காமல் சாதாரணமாக வாங்கிக்கொள்கிறார். வயது குறைந்த குழந்தைகள் கூடுதலாக முன்னேறினார்கள். போகப் போகச் சரியாகும் என்று இரண்டு, மூன்று வகுப்புகளைக் கடத்துவதற்கு நாம் கொடுக்கும் விலை அதில் தெரிகிறது.

பேசாத குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டை அடுக்குகிறேன். "இந்த நீலக் கட்டை இங்க நிக்குமா... ம்ஹூம், விழுந்துடுச்சு." அவள் ஒன்றை எடுத்து வைக்கிறாள். "சிவப்ப அடியில வச்சுட்ட. இப்ப ஆடல." அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேர் விளையாடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உள்ளே நான் செய்துகொண்டிருக்கும் வேலை வேறு. கேள்வியை விட்டுவிடுவது எளிது. எதிர்பார்ப்பை விடுவது அப்படியில்லை. நான் பேசாமல் இருக்கும்போதும் என் காது அவள் வாயருகே போய் நின்றுகொள்கிறது. இப்போது சொல்வாளா, இதோ உதடு அசைந்ததே. அவள் அதை அறிந்துகொள்கிறாள். எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் தோள் இறுகிவிடுகிறது. காதைத் திரும்ப அழைத்துக்கொண்டு கட்டையிடம் போக வேண்டியிருக்கிறது. மூச்சைக் கவனித்து உட்காருகிறவர்கள் மனம் ஓடியதும் அதைத் திருப்பிக் கொண்டுவருவார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பயிற்சி இந்தத் தரையில்தான் வாய்த்தது. உண்மையிலேயே கோபுரம் ஆடாமல் நிற்க வேண்டும் என்ற கவலை மட்டும் எனக்குள் இருக்கும் சில கணங்கள் வருகின்றன. சொல் வருவது பெரும்பாலும் அப்போதுதான்.

வந்தபின் கை தட்டக் கூடாது. "ஐயோ, பேசிட்டா! எல்லாரும் கேளுங்க!" என்று கூவினால் அவள் மறுபடியும் எல்லோர் கண்ணிலும் படுகிறாள். அவள் "விழும்" என்றால், "ஆமா, விழும்" என்று அந்தச் சொல்லையே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டையை எடுக்கலாம். பாராட்டு தனியாக, பிறகு.

*

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் படியில் இறக்குவார்கள். பேசாத குழந்தைக்கு அம்மாவோ அப்பாவோ அந்தக் குடுக்கை. பிரிட்டனில் மேகி ஜான்சனும் அலிசன் வின்ட்ஜன்ஸும் எழுதிய கையேட்டில் உள்ள முறை இப்படித்தான் போகிறது. பள்ளி விட்ட பிறகு காலியான வகுப்பறையில் அம்மாவும் குழந்தையும் மட்டும் விளையாடிப் பேசுகிறார்கள். ஆசிரியர் வெளியே இருக்கிறார், கதவு சாத்தியிருக்கிறது. இன்னொரு நாள் கதவு சற்றுத் திறந்திருக்கிறது. பிறகு ஆசிரியர் உள்ளே, முதுகு காட்டியபடி நோட்டுத் திருத்துகிறார். பிறகு அருகில். பிறகு ஆட்டத்தில் அவருக்கும் ஒரு முறை. குழந்தை அவரோடு பேசத் தொடங்கியதும் அம்மா மெல்ல வெளியேறுகிறார். இடம், ஆள், செய்ய வேண்டிய காரியம், இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றலாம். சில நிமிடம் போதும், ஆனால் அடிக்கடி வேண்டும். என்ன நடக்கிறது என்பது குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கேட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் வந்தால் படிகள் சரிந்துவிடும்.

அந்த முதல் ஆட்டத்துக்கு மாறி மாறி எண் சொல்வது நல்லது. எண்ணில் சொந்தக் கருத்து எதுவும் இல்லை, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கவலையும் குறைவு. நம்மிடம் தாயக்கட்டை இருக்கிறதே. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், விழுந்துவிட்டால் வாய் தானாகவே "தாயம்!" என்று சொல்லத் துடிக்கும். சோழி எண்ணுவதும் உதவும். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது உதடு மட்டும் அசைந்தாலும் அது ஒரு படிதான். அம்மாவின் போனில் வீட்டில் பாடிய பாட்டைப் பதிந்து, குழந்தை சம்மதித்தால் மிஸ்ஸுக்கு அனுப்பலாம். தன் குரலை மிஸ் கேட்டுவிட்டார், ஒன்றும் ஆகிவிடவில்லை என்பது தெரிந்துவிடும்.

*

புலவர் குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்பார்கள். பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப் போனார்கள். முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினாராம். தென்மாவட்டங்களில் பேசாத பிள்ளையின் தாயிடம் யாராவது ஒருவர் இந்த வரலாற்றைச் சொல்லாமல் இருப்பதில்லை. அது கொடுக்கும் ஆறுதலை நான் மதிக்கிறேன். பிள்ளையோடு கடலோரம் நின்று அழுத பெற்றோரின் வேதனை அதில் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் வெள்ளமாய் வரும் என்ற எதிர்பார்ப்பையும் அது மனத்தில் விதைத்துவிடுகிறது. நான் பார்த்த குழந்தைகளிடம் அப்படி வந்ததில்லை. ஒரே ஒரு தோழியின் காதில், ஜன்னலோரத்தில், ரப்பர் வேண்டும் என்ற கிசுகிசுப்பாக வந்தது. வந்த மறுநாள் இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தது. வேண்டுதலை முடித்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாவுக்கு இது கண்ணில் படாமலே போய்விடக்கூடும்.

*

வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று போகும் குழந்தை முதல் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. மொழி உள்ளே இறங்கும் காலம் அது. அந்த இயல்பான மௌனத்தையும் பயத்தால் வரும் மௌனத்தையும் பிரித்துப் பார்க்க, தமிழில் பேசும் ஆயாவிடம் பேசுகிறாளா, மைதானத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளிடம் பேசுகிறாளா என்று பார்ப்பேன். அங்கும் குரல் இல்லையென்றால் ஆங்கிலத்தின்மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாது. காது கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு, குழந்தைகள் மனநல மருத்துவரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ பார்க்க வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. வயது கூடி, பயிற்சி மட்டும் போதாத சிலருக்கு மருத்துவர் மருந்தும் தருவதுண்டு.

பதில் சொல்லும்வரை பெஞ்சின்மேல் நிற்க வைப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பேச முடியாத குழந்தையைப் பேசும்வரை நிற்க வைப்பது மனத் துன்புறுத்தல் இல்லையென்றால் வேறு எது?

*

"மிஸ், அவ பேச மாட்டா மிஸ்." புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் பிள்ளைகள் ஓடிவந்து சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க அவள் அந்த ஆளாகவே ஆகிவிடுகிறாள். அப்புறம் ஒரு சொல் பேசினாலும் வகுப்பே திரும்பிப் பார்க்கும் என்ற பயம் வேறு சேர்ந்துகொள்கிறது. "வீட்ல நல்லா பேசுவா. இங்கயும் பேசுவா. நீங்க பாட்டுக்கு விளையாடுங்க" என்று ஆசிரியர் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால் பெரிய உதவி.

இப்போது ஏப்ரல். வகுப்பு மாறப்போகிறது. ஓராண்டு கட்டிய படிகள் ஜூனில் புது ஆசிரியர், புது அறை என்றதும் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடம் பேசுகிறாள், எந்த அளவு குரலில், எந்த ஆட்டத்தில். மஞ்சள் அட்டை தொடரட்டும். அட்டெண்டன்ஸுக்குக் கை தூக்கினால் போதும். அவள் யார் காதில் கிசுகிசுக்கிறாளோ அந்தத் தோழியை அதே பிரிவில் போடுங்கள். மே கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன், அம்மாவோடு வந்து காலி வகுப்பறையில் தாயம் ஆட அவர்களுக்குச் சாவி கொடுங்கள். நீங்களும் ஒருநாள் வந்து பக்கத்தில் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் நாள் பெயர் கேட்க வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.